பஞ்சாரம் வரை வர வேண்டிய தடுப்பூசி

மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கும் நாட்களில், செட்டிநாட்டுச் சிற்றூர்களில் விடியற்காலையில், கோழிகளை மூடிவைத்த பஞ்சாரத்தைத் தூக்கும் கைகளுக்கு ஒரு தயக்கம் இருக்கும். முந்தைய மாலை குருணையைப் பரபரவென்று கொத்தித் தின்ற விடைக்கோழி, காலையில் சிறகைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஓர் ஓரமாக நின்றால், வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டது என்று வீட்டுப் பெண்களுக்கு விளங்கிவிடும். இரைப்பையைத் தடவினால் நேற்றைய தீனி செரிக்காமல் அப்படியே கிடக்கும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர்போலப் போகும். கொண்டை கறுத்து, அலகைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். நான்கைந்து நாட்களில் கூடு காலியாகிவிடும். தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டும் கழுத்து திருகிப்போய், தீனியைக் குறிபார்த்துக் கொத்த முடியாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

நாட்டுக்கோழி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாட்டுச் சமையல் நினைவுக்கு வரும். கண்மாய்ப் பாசனத்தையும் வானத்தையும் நம்பி வாழும் இந்தச் செம்மண் பகுதியின் குடும்பங்களுக்கு அது வேறொரு பொருள் தரும். யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் தன் விருப்பப்படி விற்று, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ, வீட்டில் ஒருவரின் மருந்துக்கோ பணம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே சொத்து பல வீடுகளில் கோழிதான். கருப்பருக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அதே கூட்டில்தான் அடைகிறது. சீக்கு கண்டுவிட்டால், எஞ்சிய கோழிகளையாவது காசாக்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் அந்தக் கோழிகள் வழியாகத்தான் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது.

இந்த நோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்து 80 ஆண்டுகள் ஆகின்றன. பெரிய பண்ணைகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியிருந்தும் பள்ளத்தூரிலோ புதுவயலிலோ பத்துக் கோழி வளர்ப்பவரின் கூடு ஏன் இன்னும் காலியாகிறது என்ற கேள்விக்கு, விவசாயியின் அறியாமை என்று பதில் சொல்வது எளிது. அது நியாயமான பதில் ஆகாது. ஒரு தடுப்பூசியை உருவாக்கும்போது அது எந்தக் கோழிக்கு, எந்த வெப்பத்தில், யார் கையால் போடப்படப் போகிறது என்பதையும் சேர்த்தே உருவாக்க வேண்டும். பறவை நோய்த் தடுப்பூசிகளின் வரலாற்றில் மிகத் தாமதமாகக் கவனிக்கப்பட்ட பகுதி இதுதான்.

நம் பக்கத்தில் வெள்ளைக் கழிச்சல் என்றும், அரசு முகாம் அறிவிப்புகளில் கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் இந்நோய்க்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் நியூகாசில் நோய். 1926-இல் ஜாவா தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இது வெடித்தது. இங்கிலாந்தில் இதை ஆராய்ந்த டாய்ல், வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று ஊர்ப்பெயரை வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டே குமாவூன் மலையிலுள்ள இராணிக்கேத் என்ற ஊரில் இந்நோய் காணப்பட்டதால், இந்தியாவில் அது இராணிக்கெட் நோய் ஆயிற்று. தமிழ்நாட்டின் கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இராணிப்பேட்டையில் இருப்பதால், நோயே அந்த ஊரிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நோயின் பெயரில் இருப்பது வடக்கே ஒரு மலையூர்; மருந்து வருவது பாலாற்றங்கரை ஊரிலிருந்து. பெயர் ஒற்றுமை தற்செயலானது.

நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். ஏறத்தாழ 15,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழையும், அதைச் சுற்றிய கொழுப்பு உறையும், உறையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வகைப் புரத முட்களும்தான் அதன் முழு உடைமை. ஒரு முள் கோழியின் உயிரணுவைப் பற்றிக்கொள்ளும். மற்றொன்று வைரஸின் உறையை உயிரணுவின் உறையோடு ஒட்டவைத்து உள்ளே வழி திறக்கும். இந்த வைரஸின் ரகங்கள் எத்தனை இருந்தாலும், கோழியின் உடல் அவற்றையெல்லாம் ஏறத்தாழ ஒன்றாகவே அடையாளம் காண்கிறது. அதனால்தான் ஒரு ரகத்தால் செய்த தடுப்பூசி மற்ற ரகங்களிடமிருந்தும் கோழியைச் சாவிலிருந்து காக்கிறது. கோழிகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் ஐ.பி. என்ற கொரோனா வைரஸுக்கு இந்த வசதி கிடையாது. 1931-இல் அமெரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்ட அந்த நோயில் ஒரு ரகத்துக்கான தடுப்பூசி இன்னொரு ரகத்துக்குச் சரியாகப் பயன்படாமல், பண்ணையாளர்களைத் திணறவைக்கிறது. கழிச்சல் நோயில் இயற்கை நமக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆய்வகத்தில் வீரியம் குறைத்த தடுப்பு மருந்து என்ற எண்ணமே ஒரு கோழியின் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தது. 1879-இல் லூயி பாஸ்டர், கோழிக் காலரா என்ற பாக்டீரியா நோயின் கிருமியை வளர்த்துவந்தபோது, கோடை விடுமுறையில் பல நாட்கள் கிடந்து பழசாகிப்போன கிருமிக் குழம்பைச் செலுத்திய கோழிகள் சாகவில்லை. பிறகு புதிய கிருமியைச் செலுத்தியபோதும் தாக்குப்பிடித்தன. வைரஸுக்கு இந்த வழி அப்படியே பயன்படாது. பாக்டீரியாவை ஊன்சாற்றில் வளர்க்கலாம். வைரஸ் வளர உயிருள்ள அணுக்கள் வேண்டும். அந்தத் தடையைத் தாண்ட உதவியதும் கோழிதான். 1931-இல் ஆலிஸ் உட்ரஃப், எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் இருவரும் கோழி அம்மை வைரஸை, குஞ்சு உருவாகிக்கொண்டிருக்கும் முட்டையின் உட்சவ்வில் வளர்த்துக் காட்டினார்கள். மனிதர்களுக்குப் போடும் இன்ஃப்ளூயன்சா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் பின்னாளில் முட்டையிலிருந்து வந்ததற்கு வித்து அந்த ஆய்வுதான். நம் வீட்டுக் கோழிகளின் கொண்டையில் மருமருவாய் வரும் அம்மைக்கு உலக மருத்துவம் இவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

முட்டையில் வளர்க்க முடிந்ததும், வைரஸைப் பழக்கி எடுக்கும் வேலை தொடங்கியது. ஒரு முட்டையில் வளர்ந்ததை எடுத்து அடுத்த முட்டையில், அதிலிருந்து இன்னொன்றில் என்று திரும்பத் திரும்ப மாற்றும்போது, வைரஸ் கருவுக்குள் வாழ்வதற்குத் தோதாக மாறி, வளர்ந்த கோழியைக் கொல்லும் வேகத்தை இழக்கிறது. 1940-இல் ஐயர், டாப்சன் இருவரும் இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ரகத்தை இப்படிப் பழக்கி வெற்றி கண்டார்கள். 1940-களின் நடுவில், இராணிக்கேத்துக்கு அருகிலுள்ள முக்தேஸ்வர் ஆய்வகத்தில், நம் நாட்டு வைரஸையே முட்டைகளில் பழக்கி முக்தேஸ்வர் ரகம் உருவாக்கப்பட்டது. அதே காலத்தில் பாலஸ்தீனத்தில் கொமரோவ் வாத்துக்குஞ்சுகளின் மூளையில் வைரஸைப் பல முறை மாற்றி வளர்த்து வேறொரு ரகத்தைப் பெற்றார். தமிழ்நாட்டு முகாம்களில் ஆர்.டி.வி.கே. என்று சொல்லிப் போடும் ஊசியின் கடைசி எழுத்து அந்தக் கொமரோவைக் குறிக்கிறது. இறக்கையின் அடியில் தோலுக்குள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட கோழிகளைக் கையில் பிடித்திருந்த செட்டிநாட்டுப் பெண்கள் எத்தனையோ பேர். அதற்குள் ஒரு வாத்துக்குஞ்சின் கதை இருப்பது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

முக்தேஸ்வர், கொமரோவ் ரகங்கள் இரண்டும் நடுத்தர வீரியம் உடையவை. நீண்ட காலத்துக்கு உறுதியான பாதுகாப்பைத் தருவது அவற்றின் பலம். ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கோ, ஏற்கெனவே நலிந்த கோழிக்கோ போட்டால் தடுப்பூசியே நோயைக் கொடுத்துவிடலாம் என்பது பலவீனம். 'ஊசி போட்டதாலேதான் கோழி செத்துச்சு' என்று ஊரில் சொல்வதைக் கேட்டு முகம் சுளிக்கும் அலுவலர்கள் உண்டு. அந்தப் பேச்சை அப்படி ஒதுக்கிவிடக் கூடாது. எட்டாவது வாரத்தில் போட வேண்டிய இந்த ஊசியை இளங்குஞ்சுக்குப் போட்டாலும் சாவு நேரும். நோய் உள்ளே பரவியிருந்து வெளியே தெரியாத கோழிக்கு ஊசி போட்டாலும் இரண்டு மூன்று நாளில் சாவு நேரும். தடுப்பு ஆற்றல் உடலில் ஊறப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்பதால், சீக்கு தெருவுக்குள் வந்த பிறகு போடும் ஊசி பெரும்பாலும் பிந்திவிடுகிறது. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் அவர்கள் பேசுகிறார்கள்.

குஞ்சுகளுக்கு ஏற்ற தடுப்பு மருந்து, பழக்கி எடுத்ததாக இல்லாமல், இயற்கையிலேயே சாதுவாக இருந்த ரகங்களிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஹிட்ச்னர் கண்டறிந்த பி1 ரகமும், 1946-இல் நியூ ஜெர்சியில் லசோட்டா என்பவரின் பண்ணையில் கிடைத்து அவர் பெயரையே தாங்கிய லசோட்டா ரகமும், 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் பிரித்தெடுத்த எஃப் ரகமும் அப்படிப்பட்டவை. இவை கோழிகளிடையே தாமாகவே பரவி, லேசான தும்மலுக்கு மேல் எதுவும் செய்யாமல் இருந்த வைரஸ்கள். இன்று நம் ஊரில் ஏழாம் நாள் குஞ்சின் கண்ணில் விடுவதும், நான்காம் வாரம் மறுபடி கொடுப்பதும் இந்த வகையைத்தான்.

ஒரே வைரஸின் ஒரு ரகம் கூட்டையே காலி செய்வதும், இன்னொரு ரகம் தும்மலோடு போய்விடுவதும் எப்படி? இதற்கான விடை 1970-களில் கிடைத்தது. உயிரணுவுக்குள் வழி திறக்கும் முள் என்று சொன்னேனே, அந்தப் புரதம் உருவாகும்போது முழுமையாக ஒரே துண்டாக இருக்கும். அதைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் கோழியின் உடலிலுள்ள நொதி ஒன்று வெட்டினால்தான் அது வேலை செய்யும். சாதுவான ரகத்தில் அந்த வெட்டுமிடம், மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டும் சுரக்கும் நொதிகளால் வெட்டக்கூடிய அமைப்பில் இருக்கிறது. ஆகவே வைரஸ் எங்கு போனாலும் அந்த இரண்டு இடங்களில்தான் பெருக முடியும். கொடிய ரகத்தில் அதே இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கும். அதனால் உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கும் ஃபியூரின் என்ற நொதியே அதை வெட்டிவிடும். பிறகு கல்லீரல், மண்ணீரல், மூளை என்று எந்தத் தடையும் இல்லாமல் வைரஸ் பரவுகிறது. கழுத்து திருகுவது, அது மூளையைத் தொட்டுவிட்டதன் அடையாளம். ஒரு புரதத்தில் நான்கைந்து எழுத்துகள் மாறியிருப்பதுதான் தும்மலுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தூரம்.

சாதுவான ரகத்தை ஏன் கண்ணில் விடச் சொல்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். தாய்க்கோழிக்கு நோய் எதிர்ப்பு இருந்தால், கிருமியை எதிர்க்க அதன் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சின் இரத்தத்துக்கு வந்து சேர்கின்றன. முதல் சில நாட்களுக்கு அது பெரிய கொடை. ஆனால் அதே எதிர்ப்பொருள்கள் தடுப்பூசி வைரஸையும் பகையாளி என்று கருதி அழித்துவிடும். ஏறத்தாழ நாலரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும் இந்தத் தாய்ச்சீர் தீரும்வரை காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளும். காத்திராமல் போட்டால் தடுப்பூசி வீணாகும். கண்ணில் விடும் சொட்டு இந்த இக்கட்டிலிருந்து ஓரளவு தப்பிக்கிறது. கோழியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது; இரத்தத்திலுள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் அவ்வளவாக எட்டாத அந்தப் பரப்பில், குஞ்சு தன் சொந்தப் பாதுகாப்பை அங்கேயே உண்டாக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. குடிநீரில் கலந்து கொடுப்பதைவிடச் சொட்டு மருந்து உறுதியாக வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வைரஸ் செத்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

தாயின் எதிர்ப்பொருள் தரும் சிக்கல் கம்போரோ நோயில் இன்னும் கடுமையானது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற இடத்தில் 1962-இல் அறியப்பட்ட அந்த வைரஸ், குஞ்சின் எதிர்ப்பாற்றல் உருவாகும் பர்சா என்ற உறுப்பையே சிதைக்கிறது. பர்சா சிதைந்த குஞ்சுக்கு வேறெந்தத் தடுப்பூசி போட்டாலும் உடல் அதைக் கற்றுக்கொள்ளாது. கழிச்சலுக்குத் தவறாமல் மருந்து போட்டும் கோழிகள் செத்தன என்று யாராவது சொன்னால், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கம்போரோ வந்துபோனதா என்று பார்க்க வேண்டும்.

இனி, குப்பிக்குள் இருக்கும் மருந்து எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஒன்பது முதல் பதினோரு நாள் அடைவைத்த முட்டைகளை இருட்டறையில் விளக்கொளிக்கு முன் பிடித்தால், சிலந்திவலைபோன்ற செந்நிற இரத்தக்குழாய்களும், நடுவில் அசையும் ஒரு கருப்புப் புள்ளியும் தெரியும். காற்றறையின் விளிம்புக்குச் சற்று மேலே ஓட்டில் ஊசி நுழையும் அளவு துளையிட்டு, கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பைக்குள் வித்து வைரஸைச் செலுத்தி, மெழுகால் துளையை அடைத்து மறுபடி அடைகாக்கும் பெட்டியில் வைப்பார்கள். சில நாட்களில் அந்த நீரில் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகிவிடும். முட்டையைக் குளிரவைத்து, அந்த நீரை உறிஞ்சி எடுத்து, கோழியின் சிவப்பணுக்களோடு கலந்து பார்ப்பார்கள். வைரஸ் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டில் மெல்லிய விரிப்பாகப் படியும், இல்லாவிட்டால் குமிழாகத் திரண்டு அடியில் உட்காரும். பிறகு பால்பொடி போன்ற ஒரு காப்புப் பொருளைச் சேர்த்து, உறையவைத்து, அந்த நிலையிலேயே ஈரத்தை உறிஞ்சியெடுத்து, காற்றில்லாக் குப்பியில் அடைக்கிறார்கள். அடியில் வெளிர் நிறத்தில் ஒட்டிக்கிடக்கும் சிறு வில்லையில் நூறு கோழிக்கான உயிருள்ள வைரஸ் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு டோஸுக்குப் பத்து லட்சம் வைரஸாவது இருக்க வேண்டும் என்பது லசோட்டா போன்ற சாதுவான ரகங்களுக்கான கணக்கு. முட்டைகளைத் தரும் தாய்க்கோழிகள் எந்த நோய்க்கிருமியும் அண்டாத தனிக் கூடங்களில் வளர்ந்தவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நோய்க்கான மருந்து வழியாக இன்னொரு நோய் நாடு முழுக்கப் போய்ச் சேரும்.

இவ்வளவு உழைப்பும் பொருளும் ஓர் உச்சிவெயிலில் வீணாகிவிடலாம். அந்த வில்லை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பத்தா வீட்டுக் கோழிகளுக்காக நகரத்துக் கடை ஒன்றில் ஒரு குப்பி வாங்கினேன். இரண்டு ஐஸ் துண்டுகளோடு ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் உருகி, பை வெதுவெதுப்பாகிவிட்டது. மறுநாள் காலைவரை குப்பி சமையலறை மாடத்தில் இருந்தது. மருந்தைக் கரைக்கும் உப்புநீரான சலைனை ஊசியால் செலுத்தியபோது அது தானாக உள்ளே இழுக்கப்படவில்லை. காற்றில்லாத குப்பி என்றால் ஊசி நுழைந்ததும் நீரை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வில்லை நன்றாகவே கரைந்தது, நிறமும் மாறவில்லை, பதினான்கு கோழிக்கும் அரை மில்லி வீதம் போட்டோம். பங்குனி முடிவதற்குள் ஒன்பது செத்தன. செத்த வைரஸும் உயிருள்ள வைரஸும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதை அப்பத்தா ஏற்றுக்கொள்ளவே இல்லை. 'மருந்து போட்டும் போயிருச்சேப்பா' என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் தவறு எதுவும் இல்லை. 38 டிகிரி வெயிலில், ஐஸ் பெட்டி இல்லாத வீட்டுக்கு, நூறு கோழிக்கான குப்பியில் வந்த மருந்து அது. அவரிடம் இருந்ததோ பதினான்கு கோழிகள்.

இந்த இடைவெளியை நேராக எதிர்கொண்டவர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள். குயின்ஸ்லாந்தில் 1966-இல் கிடைத்த வி4 என்ற ரகம், கோழிக்குத் துளியும் தீங்கு செய்யாததோடு, மற்ற ரகங்களைவிட வெப்பத்தைத் தாங்கியது. அதை வெப்பத்தில் வைத்து, பிழைத்த வைரஸ்களை மட்டும் பொறுக்கி மறுபடி வளர்ப்பதன் மூலம் அந்தத் தாங்குதிறனை மேலும் கூட்டினார்கள். 1980-களில் மலேசியாவில் இதைத் தீனியில் கலந்து கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்பிரோவும் அவருடைய குழுவினரும் பிறகு உருவாக்கிய ஐ-2 ரகம் இன்னும் ஒரு படி மேலே போனது: வித்து வைரஸை ஏழை நாடுகளின் அரசு ஆய்வகங்களுக்கு உரிமைத்தொகை இல்லாமல் கொடுத்தார்கள். வியட்நாமிலும் மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளிலும் அந்த வித்திலிருந்து உள்ளூரிலேயே மருந்து தயாரித்து, ஊர்ப்பெண்களே வீடு வீடாகச் சென்று கண்ணில் சொட்டுவிடும் முறை வளர்ந்தது. ஒரு தடுப்பூசியை ஆராய்வதோடு நிற்காமல், அதை யார் கையில் கொடுப்பது என்றும் யோசித்தவர்கள் என்பதால், இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இந்த வழியில் உழைத்திருக்கிறது. டி58 என்ற சாதுவான ரகத்தைக் கொண்டு, கோழி கொத்தித் தின்னக்கூடிய குருணைத் தீனி வடிவில் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கியது. கோழியைப் பிடிக்க வேண்டாம், ஊசி வேண்டாம், இரவு மரத்தில் அடையும் கோழிக்கும் கொடுக்கலாம் என்பதெல்லாம் பெரிய வசதி. அதற்கும் எல்லைகள் உண்டு. தீனி வைத்ததும் சேவலும் பெரிய பெட்டைகளும் முந்திக்கொண்டு தின்ன, ஒதுங்கி நிற்கும் நோஞ்சான் குஞ்சுக்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். சில தானியங்களில் இயல்பாக உள்ள பொருள்களே வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், எதில் கலப்பது என்பதும் தனி ஆராய்ச்சி ஆயிற்று. கண்ணில் விடும் சொட்டு தரும் அளவுக்குத் தீனி மருந்து பாதுகாப்புத் தருவதில்லை. ஆனால் எந்த மருந்தும் கிடைக்காத கோழியோடு ஒப்பிடும்போது, ஏதோ ஒன்று கிடைத்த கோழி எவ்வளவோ மேல். கிராமத்து நோய்த் தடுப்பில் இந்த ஒப்பீட்டைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

புதிய தொழில்நுட்பங்கள் வேறு திசையில் ஓடுகின்றன. மாரெக் நோய் என்ற புற்றுநோயை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராக, வான்கோழியிலிருந்து எடுத்த தீங்கற்ற உறவு வைரஸை 1970-களின் தொடக்கத்தில் தடுப்பூசியாக்கினார்கள். புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசிகளில் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. இப்போது அந்த வான்கோழி வைரஸின் மரபணுத் தொகுதிக்குள் கழிச்சல் வைரஸின் வழிதிறக்கும் முள்ளுக்கான மரபணுவைச் செருகி, ஒரே ஊசியில் இரண்டு நோய்க்கும் பாதுகாப்புத் தருகிறார்கள். தாயின் எதிர்ப்பொருள் இதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பதினெட்டாம் நாள் முட்டைக்குள்ளேயே எந்திரத்தால் செலுத்திவிடலாம். நாமக்கல் வட்டாரத்துக் குஞ்சு பொரிப்பகங்களுக்கு இது அருமையான கருவி. அதைப் பத்திரப்படுத்த மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் வேண்டும். அடைக்கோழியின் வயிற்றுக்கடியில், மண்சட்டியில் வைத்த முட்டையிலிருந்து பொரிந்து வரும் செட்டிநாட்டுக் குஞ்சுக்கு இந்த மருந்து எந்த வழியில் வந்து சேரும்?

1999-இல் கழிச்சல் வைரஸை மரபணுப் படியிலிருந்தே ஆய்வகத்தில் உயிர்ப்பிக்கும் முறை கைகூடியது. அதன் பிறகு, இப்போது புழங்கும் கொடிய ரகத்தையே எடுத்து, வெட்டுமிடத்து எழுத்துகளை மட்டும் சாதுவானவையாக மாற்றி, தடுப்பூசியாக்க முடிகிறது. இது ஏன் தேவை என்றால், லசோட்டா காலத்து ரகமும் இன்று ஆசியாவில் சுற்றும் ரகங்களும் மரபணு அளவில் வெகுவாக விலகிவிட்டன. பழைய மருந்து சாவைத் தடுக்கிறது; ஆனால் நோயற்றதுபோலத் தோன்றும் கோழியும் எச்சத்திலும் மூச்சிலும் கொடிய வைரஸைச் சில நாட்கள் வெளியேற்றிக்கொண்டிருக்கும். பொருத்தமான ரகத்தில் செய்த மருந்து அந்த வெளியேற்றத்தைக் குறைக்கிறது; சீனாவில் அத்தகைய ஒன்று பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. மாரெக் நோயில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கவலையை மேலும் அழுத்தமாக்கியது: சாவை மட்டும் தடுத்து, பரவுவதைத் தடுக்காத தடுப்பூசி, மிகக் கொடிய ரகங்கள் அழியாமல் நீடிக்க இடங்கொடுத்து, தடுப்பூசி போடாத கோழிகளுக்கு ஆபத்தைக் கூட்டக்கூடும். ஆகையால் ஒரு தெருவில் பாதி வீட்டுக் கோழிகளுக்குப் போட்டு, மீதியை விட்டுவிடுவது சரியான ஏற்பாடு அல்ல. பரவலை நிறுத்த, நூற்றுக்கு 85 கோழிகளுக்கு மேல் நல்ல எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பறவைக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு சொல். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து, அதன் கொடிய ரகங்களுக்குத் தடுப்பூசி போடாமல், நோய் கண்ட இடத்தைச் சுற்றிப் பறவைகளை அழிப்பதையே இந்தியா பின்பற்றுகிறது. மனிதருக்கும் தொற்றக்கூடிய, ஓயாமல் உருமாறும் வைரஸ் மறைவாகப் பரவிவிடக் கூடாது என்பதே இதன் அடிப்படை. வீரியம் குறைந்த எச்9என்2 ரகத்துக்கு மட்டும் போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகம் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது.

ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாம், வெயிலுக்கு முன்பே வருவதால் சரியான காலத்தில் வருகிறது. ஆனால் அன்றைக்கு நான்கு வாரக் குஞ்சாக இருப்பது முகாம் ஊசிக்குத் தகுதி பெறுவதற்குள் முகாம் போய்விடும். அடுத்த முகாம்வரை பிறக்கும் குஞ்சுகளுக்கும் ஏற்பாடு வேண்டும். ஐந்து அல்லது பத்து டோஸ் குப்பியில், சில வாரம் குளிர்ப்பெட்டி இல்லாமல் தாங்கும் சொட்டு மருந்து, மகளிர் குழு வழியாக ஊருக்கு ஊர் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். அறிவியலில் இதற்குத் தடை ஏதும் இல்லை. சிறு குப்பியில் லாபம் குறைவு என்பதுதான் தடை.

அப்பத்தாவின் கோழிகள் செத்த அடுத்த ஆண்டு, எங்கள் தெருவில் ஒன்பது வீட்டார் சேர்ந்து ஒரு குப்பி வாங்கினார்கள். மூடியுள்ள தூக்குவாளியில் ஐஸ் நிரப்பி, உமியைச் சுற்றிக் கட்டி, முதல் பேருந்தில் கொண்டுவந்தோம். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், முந்தைய இரவே எல்லா வீட்டிலும் கோழிகளைப் பஞ்சாரம் போட்டு மூடி, எத்தனை உருப்படி என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்கள். விடிவதற்குள் முதல் வீட்டில் தொடங்கினோம். ஒருவர் குஞ்சின் தலையைச் சாய்த்துப் பிடிக்க, அப்பத்தா தன் கையாலேயே சொட்டு விட்டார். மருந்து கண்ணில் விழுந்ததும் குஞ்சை விட்டுவிடாமல், அது ஒருமுறை கண்ணைச் சிமிட்டி மருந்து உள்ளே போகும்வரை பிடித்திருந்து, பிறகு அடுத்த பஞ்சாரத்துக்குப் போனார். எண்பத்து மூன்று குஞ்சுகளுக்கும் விட்டு முடித்தபோது சங்கு ஊதவில்லை, வெயில் இன்னும் திண்ணைக்கு வரவில்லை.